பழைய ஃபிளெமிஷ் பக்தி ஓவியங்களுக்கு நகல் வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

15ஆம் நூற்றாண்டில், இன்று பெல்ஜியம் என்று சொல்கிற பகுதியில், யான் வான் ஐக், ரோகியர் வான் டெர் வெய்டன் போன்றவர்கள் வரைந்த மாதா, இயேசு ஓவியங்களைக் கையால் நகலெடுத்து வீட்டில் மாட்டப் பலருக்கும் ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் பெரும்பாலான நகல்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன, ஏனென்றால் பார்த்து வரையும் போட்டோவே தவறு.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்தில் இருக்கும் வான் ஐக்கின் பெரிய பலிபீட ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1432இல் முடிந்த அந்த ஓவியத்தின் நடுவே இயேசுவின் அடையாளமாக நிற்கும் செம்மறியின் முகத்தின் மேல், 16ஆம் நூற்றாண்டில் வேறு யாரோ வண்ணம் பூசிவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் சுத்தம் செய்தபோது பழைய காதுகள் மட்டும் வெளியே தெரிய, செம்மறி நான்கு காதுகளோடு நின்றது. மேல்பூச்சை முழுமையாக எடுத்தது 2019 வாக்கில்தான். அப்போதுதான் நம்மை நேராகப் பார்க்கிற, ஏறக்குறைய மனிதப் பார்வை கொண்ட அந்தக் கண்கள் தெரிந்தன. பழைய புத்தகத்திலிருந்து நகலெடுத்தால் உங்கள் வீட்டுக்கு வருவது வான் ஐக்கின் செம்மறி அல்ல. புதுப்பித்த பிறகு மிக நெருக்கமாக எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அப்புறம், பழைய வார்னிஷ் மஞ்சளாகிப்போன போட்டோவைப் பார்த்து, "பழைய ஓவியம் இப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றிலும் காவி கலக்காதீர்கள். நீலம் பச்சையாகத் தெரிவது அந்த வார்னிஷால்தான்.

அடுத்த தவறு, ஓவியத்தின் ஓரங்களை வெட்டுவது. மேட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் வான் டெர் வெய்டனின் 'சிலுவையிலிருந்து இறக்குதல்' சாதாரணச் செவ்வகம் அல்ல, நடுவில் மேலே ஒரு பகுதி எழும்பி நிற்கும். மூலைகளில் மரவேலைப்பாடு போல வரைந்த இடத்தில் குட்டிக் குட்டி வில்கள் தொங்கும், ஏனென்றால் அதை வரையச் சொன்னது லூவென் நகர வில்லாளர் சங்கம். நான் ஒரு பட்டறையில் சொல்லி வாங்கிய நகலில் மேலே எழும்பிய பகுதியும் போய், வில்களும் போய், பின்னணியில் தங்க நிறத்துக்குப் பதிலாக வானமும் மலையும் வந்திருந்தது. அந்தப் பத்துப் பேரும் ஆழமே இல்லாத ஒரு பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்பதால்தான் அந்தத் துக்கம் நம் மேல் வந்து விழுகிறது. மலையை வைத்தவுடன் அது கலைந்துவிட்டது.

இதே போலத்தான் 'திருத்துவது'. பெர்லினில் இருக்கும் வான் ஐக்கின் 'தேவாலயத்தில் மாதா' ஓவியத்தில் மாதா தூண்களுக்குச் சமமாக ஓங்கி நிற்கிறார். அளவு தப்பு என்று நினைத்து அவரைச் சிறியதாக்கியவர்கள் உண்டு. அது தப்பே இல்லை, தேவாலயமே மாதாதான் என்கிற நம்பிக்கை அது. அந்த ஓவியம் வெறும் 31 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம், பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவு. அதை நாலடிக்கு ஊதிப் பெரிதாக்கினால் அந்த நெருக்கம் போய்விடும்.

சரி, வரைகிறவர்களுக்கு. இந்த ஓவியங்களின் ஒளி மேலே பூசிய வெள்ளையிலிருந்து மட்டும் வருவதில்லை, அடியிலிருந்தும் வருகிறது. ஓக் பலகையில் சீமைச்சுண்ணாம்புத் தூளும் விலங்குப் பசையும் கலந்து பூசி, தந்தம் போல வழவழப்பாகத் தேய்த்து, அந்த வெள்ளைத் தளத்தின் மேல் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றினார்கள். வெளிச்சம் படலங்களுக்குள் போய் வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது. அதனால் முரட்டுக் கித்தானில் தடிமனாக அப்பினால் கதை முடிந்தது. நெசவுக் கண்கள் மாதாவின் கண்ணிமையைவிடப் பெரிதாக இருக்கும். மரப் பலகையோ, மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு அங்கியின் மடிப்பில் நிழலுக்குக் கறுப்பு கலப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. முதலில் மங்கலான சிவப்பில் மடிப்புகளை முழுவதும் வரைந்து, காயவிட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை நிழலில் கூடுதலாக, வெளிச்சத்தில் குறைவாக ஏற்றுங்கள். நிழல் கறுக்காமல் ஆழமாகும். மடிப்புகளின் கூர்மையான முறிவுகளை மழுப்ப வேண்டாம், சரிகையின் மினுக்கத்துக்குத் தங்க பெயின்ட்டும் வேண்டாம். சரிகையை அவர்கள் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும் வைத்தே மின்ன வைத்தார்கள். ஒவ்வொரு படலமும் காய நாட்கள் ஆகும், ஆகவே ஒரே வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் எத்தனை படலம் என்று கேளுங்கள். முழுதாகக் காயும் முன் வார்னிஷ் அடிக்க விடாதீர்கள்.

முடிந்ததும் பின்புறத்தில் இது நகல் என்று பெயர், ஆண்டோடு எழுதி வாங்குங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து நகலெடுப்பவர்களை மூலத்தின் அதே அளவில் வரைய விடுவதில்லை, அந்த வழக்கத்தை வீட்டிலும் பின்பற்றலாம், சில சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ.