கண்ட்ரோல் சார்ட் சொல்லித்தர: முதலில் ஒரு பின்னை அளக்கச் சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தரக்கட்டுப்பாடு எடுக்கப் போகிறீர்களா? கண்ட்ரோல் சார்ட் என்பது அளவுகளைக் கடைந்த வரிசையில் புள்ளி வைத்து, மேல், கீழ் எல்லைக் கோடுகளைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் கிராஃப். அதை ஃபார்முலாவில் தொடங்காதீர்கள். லேத்தில் கடைந்த, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின்கள் (உருளைத் துண்டுகள்) 100, 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டர், கிராஃப் தாள். இவ்வளவு போதும். பின்கள் கடைந்த வரிசை மட்டும் கலையக்கூடாது.

முதல் படி, அளக்கப் பழக்குவது. ஒரே பின்னை எல்லாரும் அளந்து, அடுத்தவருக்குக் காட்டாமல் எழுதட்டும். எண்கள் ஒத்துப்போகாது. அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் ராட்செட்டை விட்டுவிட்டு, சுழலும் உறையான திம்பிளை இறுக்கியவருக்குக் குறைத்துக் காட்டும். மூடிய மைக்ரோமீட்டர் பூஜ்யத்தில் நிற்காத பூஜ்யப் பிழையைப் பார்க்காதவரும் இருப்பார். ஒரு வகுப்பு முழுக்க இதிலேயே போனாலும் போகட்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை ரப்பர் பாலில் மிதக்கவிட்டு அதிலுள்ள ரப்பரின் அளவு பார்த்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இவர்கள். அளவு தப்பினால் கூலி தப்பும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஐந்தைந்தாக 20 தொகுதி. ஒவ்வொன்றுக்கும் சராசரியும், பெரிய அளவில் சின்னதைக் கழித்த ரேஞ்சும். மொத்தச் சராசரி 12.02, சராசரி ரேஞ்ச் 0.05 என்று வைத்துக்கொள்வோம். தொகுதிக்கு ஐந்து என்றால் கண்ட்ரோல் சார்ட் அட்டவணை தரும் எண் 0.577. அதை 0.05ஆல் பெருக்கினால் 0.029. மொத்தச் சராசரியோடு அதைக் கூட்டினால் மேல் எல்லை 12.049, கழித்தால் கீழ் எல்லை 11.991. ரேஞ்சுக்கு அதே அட்டவணையின் எண் 2.114. மேல் எல்லை 2.114 × 0.05, அதாவது 0.106, கீழ் எல்லை 0. சராசரிக்கு ஒன்று, ரேஞ்சுக்கு ஒன்று என்று இரண்டு சார்ட் வரைந்து, ரேஞ்ச் சார்ட்டை முதலில் பாருங்கள். அது கட்டுக்குள் இல்லையென்றால் சராசரியின் எல்லைகளை நம்ப முடியாது.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவார்கள். டிராயிங்கில் 12.00 ± 0.10 என்றிருக்கும், உடனே 12.10, 11.90 என்று சார்ட்டில் கோடு போட்டுவிடுவார்கள். விடாதீர்கள். டிராயிங் சொல்வது வாங்குபவருக்கு வேண்டிய அளவு. சார்ட்டின் எல்லையைச் சொல்வது லேத். ஒரு தொகுதியின் சராசரி 12.06 வந்தால், ஐந்து பின்னும் டிராயிங்படி தேறியிருக்கலாம். ஆனாலும் லேத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். டூல் தேயத் தேய விட்டம் கூடும். ஒரு பின்கூட வீணாகும் முன்பே அதைப் பிடிப்பதற்குத்தான் 1924இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் இந்தச் சார்ட்டை வரைந்தார்.

சரி, கடைசியாக டூலை மாற்றி, அடுத்த ஐந்து பின்களைக் கடைந்து புள்ளி வைக்கச் சொல்லுங்கள். டூல் மாற்றிய இடத்தில் நேரத்தையும் எழுதட்டும்.