நாய்க்குக் குடல் புற்றுநோய்: அறுவைக்கு முன்னும் பின்னும்

முதலில் கட்டியிலிருந்து ஊசிமூலம் செல் எடுத்துப் பார்க்க மருத்துவரிடம் சொல்லுங்கள். லிம்போமா (நிணநீர்ச் செல்களின் புற்று) என்றால் கீமோதான் முதல் சிகிச்சை. குடல் அடைத்தாலோ ஓட்டை விழுந்தாலோதான் கத்தி. அடினோகார்சினோமா (குடலின் உள்சுவர்ச் சுரப்பிகளில் வரும் புற்று), தசைக்கட்டி என்றால் அறுவையே வழி. அதற்கு முன் வயிற்று ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் அவசியம். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இருந்தால் தையல் பிரியும் வாய்ப்பு கூடும்.

கட்டியின் இருபுறமும் சுமார் 5 செ.மீ. நல்ல குடலைச் சேர்த்து வெட்டி, முனைகளை 3-0 அல்லது 4-0 தடிமனுள்ள கரையும் நூலால் இணைப்பார்கள். உப்புநீர் செலுத்திக் கசிவு பார்த்து, வயிற்றுக் கொழுப்புத் திரையால் போர்த்துவார்கள். பக்கத்து நிணநீர்க் கணுவையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

மயக்கம் தெளிந்து வாந்தி இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் மென்மையான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பட்டினி போடுவது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆபத்தான காலம் அறுவைக்குப் பின் 3 முதல் 5-ஆம் நாள் வரை: வாந்தி, காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் வலி, சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தையல் விட்டுக் கழிவு வயிற்றுக்குள் கசிந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

பரவாத அடினோகார்சினோமாவை முழுதாக எடுத்த நாய்கள் பெரும்பாலும் ஓராண்டு தாண்டுகின்றன. தசைக்கட்டியில் இன்னும் கூடுதல். அடினோகார்சினோமா ஈரலுக்குப் பரவியிருந்தால் மாதக்கணக்குதான். முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுங்கள்.