வேர்ச்சொல் வைத்து ஆங்கிலம் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் நூற்றுக்கணக்கில், பக்கத்தில் அதற்கான பொருள், அவ்வளவுதான். இதை உருப்போட்டால் தெரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் தானாக வந்துவிடும் என்று நம்பிப் படிக்கிறார்கள். வராது. வேர் வழியாகப் படிப்பது அருமையான வழி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும், பல பிரெஞ்சு வழியாகவும் வந்தவைதான். ஆனால் வேர் என்பது கண்ணில் பட்ட சொல்லை மனதில் நிறுத்துவதற்குத்தான் பெரிய உதவி. காணாத சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பினால் பல இடத்தில் காலை வாரிவிடும்.

முதல் தவறு, பட்டியலிலிருந்து தொடங்குவது. 'ஸ்பெக்ட் என்றால் பார்த்தல்' என்று தனியாகப் படித்தால் நாளைக்கே மறந்துபோகும். அதற்குப் பதில் நீங்கள் தினமும் சொல்கிற இன்ஸ்பெக்டர், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட் மூன்றையும் எழுதிப் பாருங்கள். உள்ளே பார்ப்பவர் இன்ஸ்பெக்டர், ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட், கீழிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பது சஸ்பெக்ட். இந்த மூன்றும் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிற சொற்கள் என்பதால் வேர் தானாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சர்க்கம்ஸ்பெக்ட் என்ற சொல் வந்தால், சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், முன்ஜாக்கிரதை உள்ளவர் என்று படித்ததும் நிற்கும். தெரிந்த சொல்லிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து புதிய சொல்லுக்கு என்பதுதான் வரிசை.

எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. இதில் விழாதவர்கள் குறைவு. பெடல், பெடஸ்ட்ரியன், சென்டிபீட் எல்லாவற்றிலும் இருப்பது லத்தீனில் காலைக் குறிக்கும் 'பெட்'. சரி, அந்தத் தெம்போடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் பீடியாட்ரிக்ஸ் என்ற பலகையைப் பார்த்தால் கால் வைத்தியம் என்றுதானே தோன்றும்? அங்கே இருப்பது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் வேர். மீதிப் பாதி மருத்துவரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்'. ஆர்த்தோபீடிக்ஸ் இன்னும் சுவையானது. எலும்பு வைத்தியம், காலும் அதில் உண்டு, அதனால் 'பெட்' கால்தான் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். இல்லை. 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடலில் ஏற்படும் கோணல்களைச் சரிசெய்வதைப் பற்றி எழுதும்போது, நேரானது என்று பொருள்படும் 'ஆர்த்தோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு குழந்தையைச் சேர்த்து உருவாக்கிய சொல் அது. மூட்டுவலியோடு பாட்டிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிரிவின் பெயருக்குள் இன்றைக்கும் ஒரு குழந்தை இருக்கிறது! என்சைக்ளோபீடியாவின் கடைசியில் வருவதும் இதே வேர்தான், அங்கே அது பிள்ளை வளர்ப்பு, கல்வி என்ற பொருளில் நிற்கிறது. பிரிட்டிஷ் முறையில் எழுதினால் இந்தக் குழந்தை வேரில் பி-க்கு அடுத்து ஓர் ஏ வரும், கால் வேரில் வராது. அமெரிக்க எழுத்தில் அந்த அடையாளம் போய்விடுகிறது, அதனால் குழப்பமும் கூடுகிறது. ஹோமோ சேப்பியன்ஸில் இருக்கும் 'ஹோமோ' லத்தீன் மனிதன், ஹோமோஜீனியஸில் இருப்பது கிரேக்கத்தில் 'ஒரே மாதிரி'. இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள்தான் இன்றைய பொருள் என்று பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. டிசாஸ்டர் என்ற சொல்லைப் பிரித்தால் கெட்ட நட்சத்திரம் என்று வரும். அஸ்ட்ரானமியில் இருக்கிற அதே நட்சத்திரம்தான். தேர்வில் பேரிடர் மேலாண்மை பற்றிய பத்தியைப் படிக்கிறவருக்கு இது எந்த விதத்திலும் உதவாது, நினைவில் வைக்க வேண்டுமானால் உதவும். சைக்ளோன் அப்படியில்லை. 1840களில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், வட்டம், பாம்பின் சுருள் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, காற்று ஒரு பக்கமிருந்து அடித்து ஓய்ந்து பிறகு வேறு பக்கமிருந்து அடித்தது நினைவிருக்கும். சுழல் என்ற பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆக, ஒவ்வொரு சொல்லிலும் பழைய பொருள் இன்னும் வேலை செய்கிறதா, இல்லை வெறும் கதையாக நிற்கிறதா என்று அகராதியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, வேர் உருமாறுவதைக் கவனிக்காமல் விடுவது. 'செய்' என்ற பொருளுள்ள லத்தீன் வேர் ஃபேக்டரியில் 'ஃபேக்' என்று வரும், இன்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் என்னும்போது 'ஃபெக்ட்' ஆகும், எஃபிஷியன்டில் 'ஃபிஷ்' என்று ஒலிக்கும், மேக்னிஃபையில் வெறும் 'ஃபை'. 'பிடி, எடு' என்பதற்கான வேரும் அப்படித்தான், கேப்சர், அக்செப்ட், ரிசீவ், பார்ட்டிசிபேட் என்று நான்கு வேஷம் போடும். இது தமிழ் பேசுகிற நமக்குப் புதிதே இல்லை. 'வா' என்பதே 'வந்தான்', 'வருகிறான்' என்று மாறுகிறது, பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு, 'இன்' என்ற முன்னொட்டு ஏன் இம்பாசிபிளில் 'இம்' ஆகிறது, இல்லீகலில் 'இல்' ஆகிறது, இர்ரெகுலரில் 'இர்' ஆகிறது என்று விளக்கவே வேண்டாம், வாய்க்கு எளிதாக அடுத்த எழுத்தோடு ஒத்துப்போகிறது. இந்தக் கண்ணோடு பார்த்தால் அக்செப்ட், அட்டெண்ட், அப்பியர், அரைவ் எல்லாவற்றின் தலையிலும் இருப்பது ஒரே 'அட்' என்று தெரியவரும்.

அதே 'இன்' ஆளையும் ஏமாற்றும். கடலூர் சிப்காட் பக்கம் போகிற டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்றால் இல்லை, அப்படியானால் தீப்பிடிக்காது என்று அர்த்தம் செய்தால் ஆபத்து. இங்கே இருப்பது 'உள்ளே' என்ற இன்னொரு 'இன்', இன்ஃப்ளேம் என்றால் தீ மூட்டுவது, எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதுதான் எச்சரிக்கை.

தப்பான இடத்தில் பிரிப்பது இன்னொன்று. ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்று பிரிக்கக் கூடாது. ஹெலிகோ என்றால் திருகு, ப்டெர் என்றால் இறக்கை. அதே போல அண்டர்ஸ்டாண்ட், வித்ஹோல்ட், ஃபர்கிவ் போன்றவை ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள், அவற்றில் லத்தீனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சு கைகொடுக்கும் என்பது உண்மை, ஆனால் அதையும் அப்படியே நம்ப முடியாது. பிரெஞ்சில் லிப்ரேரி என்றால் புத்தகக் கடை, நூலகம் இல்லை. காலேஜ் என்ற சொல்லும் அங்கே பள்ளியைக் குறிக்கும், புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிற கல்வே காலேஜும் பள்ளிக்கூடம்தான்.

கடைசியாக, லத்தீனையும் கிரேக்கத்தையும் தனித்தனி நோட்டில் எழுதாதீர்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டையும் மாற்றி எழுதித் தவிக்கிறார்கள். கிரேக்கத்தில் ஹ வருகிற சில இடங்களில் லத்தீனில் ஸ வரும்: ஹைப்பருக்கு சூப்பர், ஹைப்போவுக்கு சப், ஹெமிக்கு செமி, ஏழுக்கு ஹெப்டாவும் செப்டமும். சூப்பர் மேலே, சப் கீழே என்பது யாருக்கும் தெரியும், அதனால் ஹைப்பர்டென்ஷனும் ஹைப்போடென்ஷனும் இனி குழம்பாது. ஊசி போடும்போது சொல்கிற ஹைப்போடெர்மிக், சப்கியூட்டேனியஸ் இரண்டுமே 'தோலுக்குக் கீழ்' என்பதன் கிரேக்க வடிவமும் லத்தீன் வடிவமும்தான். அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்ஃபோரா ஜாடித் துண்டுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஜாடி அது, 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், 'ஃபோர்' என்றால் சுமப்பது. அந்த 'ஃபோர்' உருவகம் என்று பொருள்படும் மெட்டஃபரிலும் இருக்கிறது, லத்தீனில் அதற்கு இணை 'ஃபெர்', ஆகவே மெட்டஃபரும் டிரான்ஸ்ஃபரும் ஒரே மாதிரி கட்டப்பட்ட சொற்கள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவது. இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.