பேஸ் கிட்டார் காம்போ ஆம்ப்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

பேஸ் கிட்டாருக்கு எடை குறைந்த காம்போ ஆம்ப், அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, தேடுகிறீர்களா? முதலில் அதைக் கையில் தூக்கிப் பாருங்கள். தோளில் கிட்டார் பையோடு இரண்டு மாடி ஏற முடியும் என்று தோன்றினால் சரி. கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை பவர் ஆம்பும் நியோடிமியம் காந்த ஸ்பீக்கரும் உள்ளவை பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். பழைய வகைகளில் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் ஃபெரைட் காந்தமும்தான் முதுகை ஒடிக்கும்.

அப்புறம் வாட்ஸ். டிரம்ஸோடு வாசிக்க 200 வாட்ஸுக்குக் குறைய வேண்டாம் என்பேன். பேஸின் ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தைச் சத்தமாகக் கொடுக்க நிறைய சக்தி வேண்டும். ஆனால் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். தவிர, 500 வாட்ஸ் என்று போட்டிருப்பது பல காம்போக்களில் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம்ஸாக இருக்கும்போது கிடைக்கும் கணக்கு. உள்ளே இருப்பது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால், வெளியே இன்னொரு 8 ஓம்ஸ் கேபினெட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டி) இணைத்தால்தான் இரண்டும் சேர்ந்து 4 ஓம்ஸாகி முழு சக்தியும் வரும். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்துவிடுங்கள்.

மேடைக்கு எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட், அதாவது ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் இணைப்பு, கட்டாயம். அதில் ஒலியை டோன் குமிழ்களுக்கு முன்பு (ப்ரீ) எடுப்பதா, பின்பு (போஸ்ட்) எடுப்பதா என்று மாற்றும் சுவிட்சும் இருந்தால் ரொம்ப நல்லது. ப்ரீயில் வைத்துவிட்டால், நீங்கள் டோனைத் திருகினாலும் மிக்ஸருக்குப் போகும் ஒலி மாறாது.

கடையில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, சத்தத்தை ஏற்றி, ஈ கம்பியை அழுத்தமாக மீட்டுங்கள். ஸ்பீக்கர் படபடத்தால் அடுத்த ஆம்பைப் பாருங்கள்.