மிதக்கும் மிளகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்க

வினாகிரியில் போட்ட பச்சை மிளகாய் மேலே மிதந்து, காம்படியில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தால் காரணம் அதன் வயிற்றில் அடைபட்ட காற்றுத்தான். முழு மிளகாய்க்குள் புளிப்பு இறங்காது. காம்பை நறுக்கி, நடுவில் ஒரு அங்குலம் கீறிப் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. சூடாக ஊற்றும்போது கீறின இடத்தால் காற்று குமிழி குமிழியாக வருவது கண்ணாடிப் போத்தலில் வடிவாகத் தெரியும்.

250 கிராம் மிளகாய்க்கு ஒன்றரைக் கப் வினாகிரி, முக்கால் கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு, இரண்டு தேக்கரண்டி சீனி, நாலு பல்லு உள்ளி. வினாகிரி லேபிளில் 5 வீத அமிலம் என்றிருக்க வேணும். 4 வீதமென்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். மிளகாயின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். கலவையை மட்டும் கொதிக்க வையுங்கள், மிளகாயையும் சேர்த்து அவித்தால் குழைந்துவிடும். அலுமினியச் சட்டியைப் புளிப்பு அரிக்கும், எவர்சில்வர் நல்லது.

எல்லா மிளகாயும் மூழ்கியிருக்க வேணும். திருகோணமலை வெக்கையில் இதை வெளியே வைக்கவே கூடாது. ஆறியதும் பிரிட்ஜுக்குள் வையுங்கள். உள்ளி நீலப்பச்சையாக மாறினால் பயமில்லை, அது அமிலத்தின் வேலை. மூன்றாம் நாள் சூடை மீன் பொரியலோடு எடுக்கலாம்.