பழைய போர்டிலிருந்து புதிய போர்டுக்கு: புரோகிராமை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் தொழிற்சாலைகளிலும் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளிலும் இன்னும் 8051 என்ற பழைய சிப்பில் ஓடும் கருவிகள் நிறைய இருக்கின்றன. எடைமேடை இண்டிகேட்டர், வெப்பநிலை பதிவு செய்யும் பெட்டி, கன்வேயர் கவுண்டர் என்று. அவற்றை எஸ்டிஎம்32, இஎஸ்பி32 போர்டுகளுக்கு மாற்ற வரும் புதுப் பிள்ளைகள், எங்கள் செட் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசை தவறாமல் விழுகிறார்கள். பின் நம்பர் மாறியது, பாட் ரேட் (சீரியல் வேகம்) பொருந்தவில்லை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்; அவை முதல் நாளே தெரிந்துவிடும். மேசையில் நன்றாக ஓடிவிட்டு சீசனில் கழுத்தறுப்பவை வேறு.

## இன்ட் எங்கும் ஒரே அளவு என்று நம்புவது

சி மொழியில் முழு எண்ணை வைக்கும் வகை இன்ட். 8051லும் ஆர்டுயினோ ஊனோவிலும் அது 16 பிட். எஸ்டிஎம்32, இஎஸ்பி32 இரண்டிலும் 32 பிட். சிறியதிலிருந்து பெரியதற்குத்தானே போகிறோம், என்ன கெட்டுவிடும் என்பார்கள். 16 பிட் ஹார்டுவேர் டைமர் 65530-இலிருந்து சுற்றி 10-க்கு வந்திருக்கும். பழைய போர்டில் பத்திலிருந்து 65530-ஐக் கழித்தால், விடையும் 16 பிட்டுக்குள்ளேயே சுற்றிவிடுவதால், 16 என்ற சரியான இடைவெளி கிடைக்கும். அதே வரி 32 பிட்டில் 429 கோடி சொச்சம் என்று சொல்லும். எதிர்த்திசையிலும் வம்பு உண்டு: ஊனோவில் 60-ஐ 1000-ஆல் பெருக்கினால் விடை 16 பிட் இன்ட்டில் அடங்காமல் மைனஸ் 5536 ஆகும்.

யுஇன்ட்16, இன்ட்32 என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் 1999-ஆம் ஆண்டு சி தரத்திலேயே வந்துவிட்டன. பழைய கம்பைலரில் இல்லையென்றால் டைப்டெஃப் மூலம் நாமே அந்தப் பெயர்களை வைத்துக்கொள்ளலாம்.

## ஸ்ட்ரக்சரை அப்படியே வயரில் கொட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கிருஷ்ணகிரி அருகே ஒரு கூழ் ஆலையின் எடைமேடை. பழைய இண்டிகேட்டர் ஒவ்வொரு லாரிக்கும் கருவி எண் ஒரு பைட், எடை நான்கு, சீட்டு எண் இரண்டு என ஏழு பைட்டை ஆபீஸ் கணினிக்கு அனுப்பும். எழுதியவர் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்த ஸ்ட்ரக்சரின் முகவரியைக் கொடுத்து மொத்தமாக அனுப்பியிருந்தார். புதிய எஸ்டிஎம்32 போர்டில் அதே வரி 12 பைட் அனுப்பியது: கருவி எண்ணுக்குப் பின் கம்பைலர் சொருகிய மூன்று காலி பைட்டுகள், சீட்டு எண் நான்கு பைட்டாக வீங்கியது.

வேலையில் இருந்த தம்பி முதலில், காலி பைட் சொருகாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பேக்டு போட்டார், ஒன்பது ஆயிற்று. இன்ட்டை 16 பிட்டாக்கினார், ஏழு ஆயிற்று. அப்புறம் 12,340 கிலோ லாரி ஏறியது. கணினியில் 87,55,60,960 கிலோ. ஒரே லாரியில் எண்பத்தேழு கோடி கிலோ பெங்களூரா மாங்காய்! 12,340 என்பது ஹெக்ஸில் 00 00 30 34. பழையது பெரிய பைட்டை முதலில் அனுப்பியது. புதியது 34 30 00 00 என்று தலைகீழாக அனுப்பியது.

“ஒரு ஸ்வாப் போட்டுட்டேன் சார், சரியாயிடுச்சு” என்றார். எங்கே போட்டார் என்பதில்தான் கோளாறு. அனுப்பும் முன் ஸ்ட்ரக்சருக்குள் இருந்த எடையையே திருப்பிப் போட்டுவிட்டார். டிஸ்ப்ளேயும் அதே ஸ்ட்ரக்சரைத்தான் படிக்கிறது, அங்கே எடை கெட்டது. அதற்கு இன்னொரு ஸ்வாப். காலி எடையைக் கரண்ட் போனாலும் அழியாத இஇப்ராம் நினைவகத்தில் சேமிப்பதும் அங்கிருந்துதான். சீட்டு அனுப்பும் முன் சேமித்தால் நேராக, அனுப்பிய பின் சேமித்தால் தலைகீழாக. மேசையில் எப்போதும் ஒரே வரிசையில் பட்டன் அழுத்திச் சோதித்ததால் யாருக்கும் தெரியவில்லை. சீசனில் ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு அழுத்தினார். நிகர எடை கன்னாபின்னாவென்று வர, லாரிகள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க, சீட்டைக் கையால் எழுதினார்கள். கூழ் ஆலையில் நின்ற மாங்காய்க்கு யார் பதில் சொல்வது?

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? புரோகிராமுக்குள் எடை வெறும் எண்ணாகவே இருக்கட்டும். வெளியே போகும் இடத்தில் மட்டும் ஒரு பைட் வரிசை எடுத்து, எடையை 24 பிட் வலப்பக்கம் நகர்த்தி முதல் பைட், 16 நகர்த்தி இரண்டாவது, 8 நகர்த்தி மூன்றாவது, நகர்த்தாமல் நான்காவது என்று வையுங்கள். உள்ளே வரும்போது இடப்பக்கம் நகர்த்திச் சேர்த்துவிடுங்கள். நகர்த்தும் முன் ஒவ்வொரு பைட்டையும் யுஇன்ட்32 ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் 128-உம் அதற்கு மேலும் உள்ள முதல் பைட் குறி பிட்டில் (மைனஸைக் காட்டும் பிட்டில்) போய் உட்காரும். அதை 64 பிட்டில் வைத்தால் மேல்பாதி முழுக்க ஒன்றுகளால் நிரம்பும்.

இந்தக் குறியீட்டில் எங்கும் ‘இந்த சிப் எந்த வரிசை’ என்ற கேள்வியே இல்லை. வயரில் எந்த வரிசை என்பது மட்டும் போதும். 8051 எட்டு பிட் சிப். அதன் இன்ட்டுக்கு வரிசையைத் தீர்மானிப்பது கம்பைலர். கீல் சி51 கம்பைலர் பெரிய பைட்டை முதலில் வைக்கும், எஸ்டிசிசி கம்பைலர் சிறியதை முதலில் வைக்கும். சிப் ஒன்றேதான்.

## பேக்டு எல்லாம் சரிசெய்யும் என்பது

சிறிய எஸ்டிஎம்32 சிப்புகளில் இருக்கும் கார்டெக்ஸ் எம்0-வில் பேக்டு ஸ்ட்ரக்சரின் உள்ளிருக்கும் எண்ணுக்குப் பாயின்டர் எடுத்துப் படித்துப் பாருங்கள். எண் ஒற்றைப்படை முகவரியில் கிடந்தால் ஹார்டு ஃபால்ட், புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

## கேரில் மைனஸ் எண்

குளிர்பதன அறை மைனஸ் 18 டிகிரி. சென்சார் அதை ஒரே பைட்டில் அனுப்புகிறது. வாங்குவது வெறும் கேர், அதாவது சி மொழியின் ஒரு பைட் வகை. மேசைக் கணினியில் சோதித்தபோது மைனஸ் 18 வந்தது, எஸ்டிஎம்32 போன்ற ஆர்ம் போர்டில் 238. கணினியின் கம்பைலர் கேரைக் குறியுள்ளதாக எடுக்கிறது, ஆர்மில் வழக்கம் குறியில்லாதது. சைன்டு கேர் என்று எழுதுங்கள்.

## லாங்

லாங் என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. ஃபைலில் எழுதாதீர்கள்.

## மோட்பஸ் மீட்டரில் 0.00 வந்தால் வயரைப் பிடுங்குவது

மீட்டர்கள் பேசும் மோட்பஸ் முறையில் மதிப்புகள் 16 பிட் ரெஜிஸ்டர்களாக வரும். ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முதலில் என்று மோட்பஸ் சொல்கிறது. 32 பிட் மதிப்பை இரண்டு ரெஜிஸ்டரில் பிரிக்கும்போது எது முதலில் என்று சொல்லவில்லை, மீட்டர் செய்பவர் விருப்பம். 230 வோல்ட் என்பது ஃப்ளோட்டில் (தசம எண் வகையில்) 43 66 00 00. ரெஜிஸ்டர் இடம் மாறி 00 00 43 66 ஆனால் அது கிட்டத்தட்ட பூஜ்யமான ஒரு துளி, திரையில் 0.00. உடனே மீட்டரின் ஆர்எஸ்485 சீரியல் வயரை மாற்றி மாற்றிச் சொருகுவார்கள். முதலில் வந்த பைட்டுகளை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள்.

## பூஜ்யத்தை வைத்துச் சோதிப்பது

0-ம் 16 பிட்டில் 257-ம் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். நான்கு பைட்டும் வேறுவேறாக 01 02 03 04 வரும்படி அனுப்புங்கள். ஒரு மைனஸ் எண்ணும் வேண்டும். அதைவிட நல்ல சோதனை, பழைய போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சீரியல் வெளியீட்டை ஒரு நாள் முழுக்கப் பதிந்து, பக்கத்தில் அச்சான சீட்டுகளையும் எடுத்து வைப்பது. புதிய போர்டு வந்த அன்றே பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, ‘அந்த ஐந்தாவது பைட் என்ன சார்?’ என்று என்னிடம் வராதீர்கள்.