நெருக்கடிக் காலத்தில் மருத்துவப் பொருள் இருப்பு: ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் கண்காணிப்பது எப்படி?

தொற்றுநோய் பரவும்போதும் வெள்ளம், நிலநடுக்கத்துக்குப் பிறகும் ஸ்டோர் பொறுப்பில் இருப்பவரிடம் எல்லோரும் "எவ்வளவு இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். அவர் கையில் வைத்திருக்க வேண்டிய பதில் "இன்னும் எத்தனை நாள் வரும்?" என்பதற்கானது. 12,000 கையுறை என்றால் நிறையத் தோன்றும். நாளுக்கு 3,000 செலவாகும் இடத்தில் அது நான்கு நாள் இருப்பு. இந்த நாள்கணக்கைச் சரியாகத் தரும் ஷீட்டை எப்படி அமைப்பது என்று இங்கே எழுதுகிறேன். ஃபார்முலா எழுதுவதும் டிராப்டவுன் போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதில் செய்யலாம்? நெட் நிலையாக இருந்து, பதிவு செய்பவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் கூகுள் ஷீட்ஸ். நெட் போய்ப் போய் வரும் இடத்தில் ஒரே கணினியில் லிப்ரெஆஃபீஸ் கால்க் போதும். ஓபன்எல்எம்ஐஎஸ், எம்சப்ளை போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை, நல்லவையும்கூட. ஆனால் நோயாளிகள் வரிசையில் நிற்கும் வாரத்தில் புதிய மென்பொருளை நிறுவிப் பயிற்சி கொடுக்கத் தொடங்காதீர்கள். அதை அமைதியான மாதங்களில் செய்ய வேண்டும். எதில் செய்தாலும் அலமாரியில் தொங்கும் பின் கார்டை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் வரவு செலவைக் கையால் எழுதும் அட்டையை, எடுத்துவிட வேண்டாம். மின்சாரம் இல்லாத இரவில் அதில் எழுதி, காலையில் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 1: பொருள் பட்டியல்

முதல் ஷீட்டில் பொருளுக்கு ஒரு வரி. குறியீடு, வீரியத்தோடும் வடிவத்தோடும் முழுப்பெயர், அலகு, ஒரு பெட்டியில் எத்தனை அலகு, குளிர்சாதனம் தேவையா, ஆர்டர் போட்டால் வந்து சேர எத்தனை நாள். அவ்வளவுதான்.

இதில் அலகுதான் உயிர்நாடி. பெட்டி, கார்ட்டன், டஜன் எதுவும் வேண்டாம், எல்லாமே மிகச்சிறிய அலகில் இருக்கட்டும். மாத்திரைக்கு ஒரு மாத்திரை, ஊசி மருந்துக்கு ஒரு வயல் (சிறு மருந்துக் குப்பி), ஓஆர்எஸ்ஸுக்கு ஒரு பொட்டலம். கையுறையில் கூடுதல் கவனம் தேவை. பரிசோதனைக் கையுறை பெரும்பாலும் 100 எண்ணிக்கை கொண்ட பெட்டியாக வரும், அதாவது 50 ஜோடி. அறுவை சிகிச்சைக் கையுறை ஜோடியாகவே பொதியப்பட்டு வரும். ஒன்றை எண்ணிக்கையிலும் மற்றதை ஜோடியிலும் எழுதி ஒரே வரியில் கூட்டினால் இருப்பு இரண்டு மடங்காகவோ பாதியாகவோ தெரியும். அதேபோல நரம்பு வழியாக ஏற்றும் திரவமான ரிங்கர் லாக்டேட்டில், 500 மில்லி ரிங்கர் லாக்டேட்டும் ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டும் இரண்டு தனிப் பொருள்கள்.

படி 2: வரவு செலவுப் பதிவு

இரண்டாவது ஷீட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி. தேதி, பொருள் குறியீடு, பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), காலாவதித் தேதி, எண்ணிக்கை, எங்கிருந்து, எங்கே, பதிந்தவர் பெயர், காரணம். வந்தால் கூட்டல் குறி, போனால் கழித்தல் குறி. பழைய வரியை அழித்துத் திருத்தக் கூடாது. தவறாக 500 என்று பதிந்திருந்தால், காரணத்தோடு எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டுச் சரியான எண்ணைப் புது வரியில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து யாராவது கணக்குக் கேட்கும்போது இந்த ஒழுங்குதான் உங்களைக் காப்பாற்றும்.

படி 3: இருப்பு

மூன்றாவது ஷீட்டில், படி 2இன் வரவு செலவைக் கூட்டி இருப்பைக் காட்ட சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா அல்லது பிவட் டேபிள். பொருள்வாரியாக ஒன்று, பேட்ச்வாரியாக ஒன்று.

படி 4: காலாவதித் தேதி

தேதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05/06 என்பது ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. செல்லில் தேதி தானாக இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, வரிசைப்படுத்தினால் குழம்பும்.

பெட்டியில் இருக்கும் சதுர வடிவ டேட்டாமேட்ரிக்ஸ் குறியீட்டை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அதில் 17 என்ற அடையாள எண்ணுக்குப் பிறகு வரும் ஆறு இலக்கங்கள் காலாவதித் தேதி: ஆண்டு, மாதம், நாள். நாள் 00 என்று இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். 270600 என்றால் 2027 ஜூன் 30. ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டின் டேட் ஃபங்ஷனில் நாளை 0 என்று கொடுத்தால் அது முந்தைய மாதத்தின் கடைசி நாளைத் தரும். அதாவது மே 31. நல்ல மருந்து ஒரு மாதம் முன்னதாகவே காலாவதிப் பட்டியலில் ஏறிவிடும். நாள் 00 ஆக இருந்தால் மாதத்தோடு ஒன்றைக் கூட்டிவிட்டு 0 கொடுங்கள், சரியாக வரும்.

பேட்ச்வாரி இருப்பைக் காலாவதித் தேதிப்படி வரிசைப்படுத்தி, முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே அனுப்புங்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்சில் 900 வயல், நாளுக்கு 10 செலவு, காலாவதிக்கு 60 நாள். 600தான் தீரும். மீதி 300 வயலை இன்றைக்கே தேவைப்படும் இன்னொரு மையத்துக்கு அனுப்பினால் அங்கே உயிர் காக்கும், இங்கே வைத்திருந்தால் குப்பைக்குப் போகும்.

படி 5: இன்னும் எத்தனை நாள் வரும்?

நான் அதிக நேரம் சிக்கி நின்ற இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இருப்பை ஒரு நாள் சராசரிச் செலவால் வகுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சராசரியை எப்படி எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

ஓர் உதாரணம். கடந்த 7 நாளில் 700 முகக்கவசம் வழங்கியிருக்கிறீர்கள். சராசரி 100. இன்றைய இருப்பு 1,120. எனவே 11 நாள் வரும், சரக்கு வந்து சேர 10 நாள் ஆகும், இன்றைக்கு அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 7 நாளில் 2 நாள் ஸ்டோரில் முகக்கவசமே இல்லை. அந்த இரண்டு நாளும் வழங்கல் பூஜ்யம், தேவை பூஜ்யம் இல்லை. 700ஐ 5 நாளால் வகுத்தால் சராசரி 140, இருப்பு 8 நாளுக்குத்தான் வரும். அதாவது ஆர்டர் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இருப்பு இல்லாத நாட்களைக் கழிக்காத ஷீட், தட்டுப்பாடு வர வர "தேவை குறைகிறது" என்று காட்டும். ஆள் வேண்டும், பொருள் வேண்டும் என்று கத்த வேண்டிய நேரத்தில் அமைதியாக இருக்கச் சொல்லும். இதற்காகப் பொருள் பட்டியலில் "கடந்த 7 நாளில் இருப்பு இல்லாத நாட்கள்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, 7இலிருந்து அதைக் கழித்து வகுங்கள்.

ஏன் 7 நாள்? சாதாரணக் காலத்தில் மூன்று மாதச் சராசரிகூட எடுப்பார்கள். நோயாளி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது பழைய நாட்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். 7 நாளும்கூட நேற்றைய கதைதான். வேகமாக ஏறும்போது, வரப்போகும் நோயாளிகளிலிருந்து கணக்கிடுவதே நல்லது. காலராவில் கடும் நீரிழப்புக்குக் கிலோவுக்கு 100 மில்லி திரவம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் மூன்று மணி நேரத்துக்கே 5 லிட்டர், அதாவது 500 மில்லி பாட்டில் 10. நாளைக்கு இப்படி 20 பேர் வருவார்கள் என்று மருத்துவர் சொன்னால் 200 பாட்டில் தனியாக நிற்க வேண்டும். கோவிட்-19 காலத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தேவை மதிப்பீட்டுக் கருவியும் இப்படி நோயாளி எண்ணிக்கையிலிருந்து பொருள் தேவைக்குப் போகும் வகைதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தந்த பாதுகாப்புக் கவசச் செலவு வேகக் கணிப்பான் ஒரு சாதாரண எக்செல் கோப்பு. இரண்டையும் திறந்து அமைப்பைப் பார்த்தாலே நிறையப் புரியும்.

படி 6: நிறம்

நாள்கணக்கு, சரக்கு வந்து சேரும் நாட்களைவிடக் குறைந்தால் சிவப்பு. அதோடு 5 நாள் கூட்டியதைவிடக் குறைந்தால் மஞ்சள். வந்து சேரும் நாட்களுக்குச் சப்ளையர் சொன்ன எண்ணைப் போடாதீர்கள். அண்மையில் உண்மையாக எடுத்துக்கொண்ட நாட்களில் அதிகபட்சத்தைப் போடுங்கள். வழியில் இருக்கும் சரக்கைத் தனி நெடுவரிசையில் வைக்கலாம், ஆனால் கையால் எண்ணி வாங்கும்வரை இருப்பில் சேர்க்கக் கூடாது.

படி 7: நேரில் எண்ணுதல்

முக்கியமான பத்துப் பதினைந்து பொருட்களை வாரம் ஒருமுறை எண்ணுங்கள். எண்ணுபவரிடம் ஷீட்டில் உள்ள எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த எண்தான் திரும்பி வரும். வித்தியாசத்தைக் காரணத்தோடு திருத்த வரியாகப் பதியுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

வார்டுகள் தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்கினால் வழங்கலைச் செலவு என்று எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எடுக்கக் கூடாது, மிகச் சரியான கேள்வி. வார்டையும் ஒரு ஸ்டோர் போலவே பதியுங்கள். ஸ்டோரிலிருந்து கழித்தல் ஒரு வரி, வார்டுக்குக் கூட்டல் ஒரு வரி. தினமும் காலையில் வார்டு இருப்பை எண்ணி, குறைந்ததை வார்டின் செலவாகப் பதிந்தால் உண்மையான செலவு வேகம் தெரியும். எல்லாப் பொருளுக்கும் வேண்டாம், சிவப்பிலும் மஞ்சளிலும் இருப்பவற்றுக்குப் போதும். பதுக்கும் வார்டைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. ஒருமுறை கேட்டபோது கிடைக்காததால்தான் அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். சொன்ன நேரத்தில் சொன்ன அளவு தொடர்ந்து கிடைத்தால் அது தானாகக் குறையும்.

நன்கொடைப் பெட்டிகளை எப்படிப் பதிவது என்ற கேள்வியும் வந்தது. பிரித்து, பெயரும் பேட்சும் தேதியும் படித்த பிறகே வரவு வையுங்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். அதற்குக் குறைவாக வருவதையும், லேபிள் படிக்க முடியாததையும் "நிறுத்தி வைப்பு" என்ற தனி இடத்தின் பெயரில் பதியுங்கள், மருந்தாளுநர் பார்த்து முடிவு சொல்லும்வரை அது நாள்கணக்கில் வரக் கூடாது.